பட்டையா, பல்லியா? கொடைக்கானல் மரப்பல்லி கேள்வி பதில்

மரப்பல்லி பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பாதி, "விஷமா சார்?" என்பதுதான். இல்லை. பல்லி இனத்தில் விஷமுள்ளது ஒன்றுகூடக் கிடையாது. அது விழுந்த பலனை ஜோசியரிடம் கேளுங்கள். மற்றக் கேள்விகளுக்கு வருவோம்.

கொடைக்கானலில் ராத்திரி எங்கள் சுவருக்கு வருவது, திண்டுக்கல்லில் பார்க்கும் அதே வீட்டுப்பல்லிதானா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் 'திராவிடோகெக்கோ' என்றொரு பேரினம் உண்டு. விலங்கியலாளர் குந்தர் 1875-இல் விவரித்த ஒரே இனம்தான் அதில் இருப்பதாக வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2019-இல் புதிதாக ஆறு இனங்களைப் பிரித்தறிந்தார்கள். ஒன்று தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில். நம் பழனி மலைக்காரருக்குக் கிடைத்த பெயர் 'தொல்பல்லி'! நல்ல தமிழ். அடையாளம் விரலடியில் இருக்கிறது: வீட்டுப்பல்லிக்கு அங்குள்ள ஒட்டும் பட்டைகள் நடுவில் பிளந்திருக்கும், இதற்குப் பிளவில்லை. பிடித்துப் புரட்ட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும்போது உள்ளிருந்து பாருங்கள், போதும்.

சோலைக்காட்டில் பக்கத்திலேயே இருந்தும் கண்ணுக்குப் படவில்லையே, எப்படி?

நிறம் பாதி வேலைதான். பாசியும் பூஞ்சையும் படிந்த மரப்பட்டைபோலத் திட்டுத்திட்டான சாம்பல், பழுப்பு. கொஞ்சம் கருக்கவும் வெளுக்கவும் முடியும், பச்சோந்தி அளவுக்கு அல்ல. மீதி வேலை நிழலை மறைப்பது. ஒரு பிராணியைக் காட்டிக்கொடுப்பது அதன் நிழல்தான். மடகாஸ்கரின் இலைவால் பல்லிக்குத் தாடையிலும் விலாவிலும் தோல் ஓரம் தொங்கும். மரத்தோடு அதை அழுத்திப் படுத்தால் நிழல்கோடே விழாது. நம்முடையதற்கு அந்த வசதி இல்லை, உடம்பைத் தட்டையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். ஆகவே டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். மரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து ஆள் தெரிந்துவிடும்.

அந்த இலைவால் பல்லி வட்டக்கானலில் கிடைக்குமா?

கிடைக்காது. மடகாஸ்கரில் மட்டும்.

ஊட்டியில் பட்டப்பகலில் பாறையில் ஒன்று ஓடியது. பல்லிக்கு ராத்திரிதானே வேலை?

அது 'நெமாஸ்பிஸ்' வகையாக இருக்கும், பகல் பல்லி. கண்மணி வட்டமாக இருந்ததா பாருங்கள். இரவுப்பல்லிக்குச் செங்குத்துக் கீற்று. இதற்கு விரலில் ஒட்டும் பட்டையும் கிடையாது, நகத்தாலேயே ஏறும்.

விறகு அடுக்கும்போது ஒன்றின் வால் அறுந்துவிட்டது. பாவமா இருக்கு. பிழைக்குமா?

பிழைக்கும். நீங்கள் அறுக்கவில்லை, அதுவே உதறிவிட்டது. வால் திரும்ப வளரும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு, நிறமும் சற்று மாறியிருக்கும். வாலில் சேர்த்த கொழுப்பு போனது நஷ்டம்தான். விறகை இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.