நிறம் மாறாத கைப்பிடி

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு 38 வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். திருமணமாகிச் சென்னைக்கு வந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். மாதம் 22,000 ரூபாய் வரும். மகள் ஆறாம் வகுப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு கைப்பைதான் காரணம்.

பள்ளிப் பேருந்துக்காகக் காலையில் கீழே நிற்கும்போது பழக்கமான ஏழு பேர் நாங்கள். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் மதிய விருந்து. நல்லவர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் வெளிநாட்டுப் பை இருக்கிறது. விலையை யாரும் சொல்வதில்லை. பையை மடியிலோ நாற்காலி முதுகிலோ வைக்காமல் மேசையின் மேல் வைப்பார்கள். என்னுடைய பையை நான் மட்டும் காலடியில் வைத்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு, பிரெஞ்சு நிறுவனப் பை ஒன்றின் ‘ஃபர்ஸ்ட் காப்பி’யை, அதாவது அசலைப் போலவே செய்த போலியை, 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு விருந்தில் தோழி ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, "கைப்பிடி இன்னும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறதே, எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்!" என்றார். மற்றவர்கள் சட்டென்று பேச்சை மாற்றினார்கள். நான் பாராட்டு என்றே நினைத்தேன். இரவில் இணையத்தில் தேடியபோதுதான் புரிந்தது. அசல் பையின் கைப்பிடி சாயம் பூசாத, இயற்கை நிறத்தில் இருக்கும் மாட்டுத்தோலாம். கைபட்டும் வெயில்பட்டும் சில மாதங்களில் தேன் நிறத்துக்கு மாறிவிடுமாம். என்னுடையது மாறவே இல்லை.

அடுத்த மாதமே, என் அம்மா எனக்குத் திருமணத்தில் போட்ட நான்கு பவுன் வளையல்களை வங்கியில் அடகு வைத்தேன். மீதிக்குக் கிரெடிட் கார்டில் தவணை. 1,80,000 ரூபாய்க்கு அசல் பையை வாங்கிவிட்டேன். தோழிகளிடம், திருமண நாளுக்குக் கணவர் கொடுத்த பரிசு என்று சொன்னேன். என் கணவருக்கு இரண்டு பைக்கும் வித்தியாசம் தெரியாது. இது பழைய பைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வளையல் எங்கே என்று அவர் இதுவரை கேட்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் கிளம்பும்போது கேட்டுவிடுவாரோ என்று நெஞ்சு படபடக்கிறது.

இப்போது அந்த ஏழு பேரில் மூவர் பெயரே போடாத வெறும் தோல் பைக்கு மாறிவிட்டார்கள். என் பை அவர்கள் பைக்குப் பக்கத்தில் சத்தம் போடுகிற மாதிரி தெரிகிறது. மகள் தன் தோழியிடம், "என் அம்மாவின் பை ஒரிஜினல்" என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் இன்னும் சங்கடப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விருந்து என் வீட்டில் நடந்த அன்று, ஊரிலிருந்து அப்பா சொல்லாமல் வந்துவிட்டார். தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கையில் துணிக்கடைப் பெயர் போட்ட மஞ்சப்பை. அதில் கடலை மிட்டாயும் முருங்கைக்காயும். பையை வாங்கிக்கொண்டு போய் வாஷிங் மெஷின் பின்னால் வைத்துவிட்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது புதிய டிராவல் பையில் கொண்டுவந்தார். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நான் அற்பமானவளா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புச் சகோதரிக்கு,

நான் சிரிக்கவில்லை. ஆறு மாதம் தூங்காத ஒருவரின் கடிதத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதலில் வளையல். மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம், இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். கணவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். மகள் தூங்கிய பிறகு அடகு ரசீதையும் கார்டு கணக்கையும் எதிரில் வைத்துக்கொண்டு, "வளையலை அடகு வைத்து இந்தப் பையை வாங்கினேன், உங்களிடம் மறைத்தேன், தூக்கம் வரவில்லை" என்று சொன்னால் போதும். தோழிகள் கதையை அன்று இழுக்க வேண்டாம். அவருக்குக் கோபம் வரும், வரட்டும். ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அவராகவே கண்டுபிடித்தால் வரும் கோபம் இதைவிடப் பெரிதாக இருக்கும். பயன்படுத்திய பைகளை வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்த விலை திரும்பக் கிடைக்காது என்றாலும், வருகிற பணம் வங்கிக் கடனில் ஒரு பெரும் பகுதியை அடைக்கும். அல்லது பையை வைத்துக்கொண்டே உங்கள் சம்பளத்தில் கடனை அடைக்கலாம். எதுவானாலும் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

நீங்கள் அற்பமானவரில்லை. நம் அம்மாக்களின் காலத்தில் திருமண மண்டபத்தில் எதிரில் வருகிறவளின் கழுத்தைக் கண்ணாலேயே எடை போடுவார்கள். ப்ளூ ஜாகர் வைரக் கம்மலா, வைரம் போன்ற அமெரிக்கன் கல்லா என்பதை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தலை அசைவில் கண்டுபிடிப்பவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் தோழி கைப்பிடியில் செய்தது அதே சோதனைதான். அந்தக் காலம் இதைவிட இரக்கமானது என்று சொல்லமாட்டேன். நகையால் நொந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் போட்டிக்கு வாங்கிய நகைகூட ஒரு கஷ்டத்தில் அடகுக்கடைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கிவிட்டது. பையால் அது முடியாது.

யாருடன் நம்மை ஒப்பிடுகிறோம் என்பதைப் பற்றி 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். எட்டாத உயரத்தில் இருப்பவர்களோடு நாம் ஒப்பிடுவதில்லை. நம்மைப் போன்றவர்களோடுதான் ஒப்பிடுகிறோம். கோடீஸ்வரர் வீட்டுப் பெண்ணின் பை உங்கள் தூக்கத்தைக் கெடுக்காது. காய்ச்சலுக்கு ரசம் சாதம் கொடுத்தனுப்பியவரின் பைதான் கெடுக்கும். அவர்கள் நல்லவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அவர்களை வெல்ல வேண்டும் என்பது உங்கள் ஆசையாக எனக்குத் தெரியவில்லை. மேசையில் உங்கள் பைக்கும் இடம் வேண்டும் என்பதே ஆசை.

அந்த மேசையின் விதி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாங்கிய பையில் பெயரெழுத்துகளும் பூக்களும் பரவியிருக்கும் என்று நினைக்கிறேன். லூயி வுய்ட்டான் நிறுவனத்தில் அந்த வகை வடிவத்தை நிறுவனரின் மகன் ஜார்ஜ் 1896இல் கொண்டுவந்ததே போலிகளைத் தடுக்கத்தான். இன்று உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் வடிவங்களில் அதுவும் ஒன்று. எல்லோர் கையிலும் எழுத்து வந்துவிட்டால் வசதியுள்ளவர்கள் எழுத்தில்லாத பைக்கு நகர்வார்கள். 2010இல் மூன்று ஆய்வாளர்கள் இதையே கணக்கெடுத்துப் பார்த்தார்கள்: ஒரே நிறுவனத்தின் பைகளிலும் விலை ஏற ஏறச் சின்னம் சிறிதாகிறது. விலை அதிகமான பையைத் தெரிந்தவர்கள் மட்டும் அடையாளம் கண்டால் போதும் என்பது அதன் பொருள். ஆகவே உங்கள் மூன்று தோழிகள் உங்களை விட்டு ஓடவில்லை. அவர்களும் யாரையோ பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இரவில் விழித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணவர் கொடுத்த பரிசு என்று ஏன் சொன்னீர்கள் என்று யோசித்தீர்களா? நானே உழைத்து வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். தவணை உங்கள் சம்பளத்தில்தான் போகிறது. 2014இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், விலையுயர்ந்த பையோடும் காலணியோடும் தோன்றிய பெண்ணின் துணைவர் அவள்மேல் அதிக அன்புள்ளவர் என்று மற்றப் பெண்கள் கருதினார்கள். பையைப் பார்க்கும் கண்கள் வீட்டையும் சேர்த்து அளக்கின்றன. உங்களுக்கு அது சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. கணவர் அப்படி ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்ற ஏக்கம் உள்ளே இருந்தால், அதையும் ஒரு நாள் அவரிடம் சொல்லுங்கள். பையாக இல்லாமல் போகலாம். கேட்காமல் எதுவும் வராது.

மகள் விஷயத்தில் பெரிய அறிவுரை எதுவும் தேவையில்லை. அவள் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை வீட்டில் கற்றிருக்கிறாள். வளையலைத் திருப்ப வங்கிக்குப் போகும் நாளில் அவளையும் அழைத்துப் போங்கள். எதற்காக வந்தோம் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

இனி, ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை என்றீர்களே, அந்தப் பத்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான்.

உங்கள் அப்பா எதற்காகப் புதிய பை வாங்கினார்? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பையைக் கையில் வாங்கிய வேகத்தையும் அது போன திசையையும் அவர் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர். எதை எங்கே வைக்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. ஊருக்குத் திரும்பி, ஓய்வு காலப் பணத்தை எடுத்து, மகளின் தோழிகள் கண்ணில் மகள் குறைந்துவிடக் கூடாது என்று ஒரு பை வாங்கினார். நீங்கள் உங்கள் பையை வாங்கியதும் அதே பயத்தில்தான். விலைதான் வேறு. "மஞ்சப்பை" என்று ஒருவரைச் சொன்னால் நாட்டுப்புறத்தான் என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. நீங்களும் அவரும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிய பிறகும் அந்தக் கூச்சம் உங்களை விடவில்லை. ஒரு நாளில் விடாது. அதற்காக உங்களை நீங்களே வெறுக்க வேண்டாம்.

படபடப்பும் தூக்கமின்மையும் கணவரிடம் பேசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் நேரில் ஓர் உளவியலாளரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தோழிகளை விட்டு விலக வேண்டியதில்லை. எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதைக் குறைத்து, காய்ச்சலில் சாப்பாடு கொடுத்தவர்களில் ஒருவரை ஒரு மாலை தனியாக வீட்டுக்கு அழையுங்கள்; பை இல்லாமல், வீட்டு உடையில், ஒரு காபிக்கு.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால் அவர் தவித்துப்போவார். அந்தத் தலைமுறைக்கு அது தாங்காது. அடுத்த முறை அவர் வருவதாகச் சொன்னால், "மஞ்சப்பையிலேயே கொண்டுவாருங்கள் அப்பா, டிராவல் பையில் கடலை மிட்டாய் நொறுங்கிவிடுகிறது" என்று சொல்லுங்கள். வந்ததும் லிஃப்டில் இறங்கிக் கேட் வரை போய் அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பேருந்து வரும் நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.