வாசகர் கேள்வி–பதில்: ஜாக்சன் ஹோலின் முதல் குடிகள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடரின் அடியில் இருக்கும் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கைப் பற்றிச் சில கேள்விகள் வந்துள்ளன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ‘ஹோல்’ என்றால் குழி அல்லவா? ஊருக்கு ஏன் அப்படியொரு பெயர்? – வாசகர், தாராபுரம்.

பதில்: நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கைத் தோல் வேட்டைக்காரர்கள் ‘ஹோல்’ என்றே அழைத்து வந்தனர். அங்கே தோலுக்காக பீவர் என்னும் நீர்வாழ் விலங்கைப் பிடித்துத் திரிந்த டேவிட் ஜாக்சனின் பெயரை அவருடைய கூட்டாளி வில்லியம் சப்லெட் 1829இல் அந்த இடத்துக்குச் சூட்டினார். வேட்டைக்கு வந்துபோன இவர்களில் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் குடியேறியவர்கள் யார்? திரைப்படங்களில் வருவதைப் போலத் துப்பாக்கி ஏந்திய மாட்டுக்காரர்கள்தானா? – வாசகி, ஈரோடு.

பதில்: அந்தப் பள்ளத்தாக்கை ஊராக்கியதில் துப்பாக்கியைவிட மண்வெட்டிக்கும் புல் அரிவாளுக்கும்தான் பங்கு அதிகம் என்பது எங்கள் எண்ணம். நிலம் கோரி 1884இல் முதலில் வந்து தங்கியவர்கள் ஜான் ஹாலண்ட், ஜான் கார்ன்ஸ், அவருடைய மனைவி மில்லி ஆகிய மூவர். இவர்களில் மில்லி பூர்வகுடி வம்சாவளியும் கொண்டவர். 1889இல் சில்வெஸ்டர் வில்சன் தலைமையில், மார்மோன் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த சில குடும்பங்கள், 8,400 அடிக்கும் மேலே இருக்கும் டீட்டன் கணவாயில் மரங்களை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு, வண்டி மாடுகளோடும் குழந்தைகளோடும் வந்து இறங்கின. முன்பே அங்கிருந்தவர்கள் தங்கள் மரக்குடில்களில் இடம் கொடுத்ததால்தான் அந்தக் குடும்பங்களால் முதல் குளிர்காலத்தைத் தாண்ட முடிந்தது.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, 160 ஏக்கரில் வீடு கட்டி ஐந்து ஆண்டுகள் உழுது பயிரிட்டவருக்கு அந்த நிலம் சொந்தமாயிற்று. கடல்மட்டத்திலிருந்து 6,200 அடி உயரத்தில், எந்த மாதத்திலும் உறைபனி விழக்கூடிய மண்ணில், 160 ஏக்கர் தானியத்துக்குப் பெரிதாகப் பயன்படாது. புல்லுக்குத்தான் அது ஏற்ற நிலம். கோடையில் மாடுகளை மலைச்சரிவுக்கு ஓட்டிவிட்டு, கீழே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிப் புல் வளர்த்து, அதை அறுத்து உலர்த்திப் போராகக் குவித்து, பனி மூடிய மாதங்களிலெல்லாம் அந்தப் போரைப் பிரித்துப் போட்டு மாடுகளைக் காப்பாற்றுவதுதான் அங்கே மாட்டுப்பண்ணைத் தொழில். இந்த வேலையை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. ஆகவேதான் 1890களில் ‘மார்மோன் வரிசை’ என்னும் பகுதியில் குடியேறியவர்கள், மேற்கு மாநிலங்களின் வழக்கப்படி மைல்கணக்கில் விலகி வாழாமல், வீடுகளை அருகருகே அமைத்துக்கொண்டு, கையாலும் குதிரைகளாலும் வாய்க்கால்களை வெட்டினார்கள். அவற்றுள் சிலவற்றில் இன்றும் நீர் ஓடுகிறது.

இன்னொரு மனிதரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பில் மெனர் என்பவர் 1894இல் ஸ்னேக் ஆற்றின் குறுக்கே வடம் கட்டி, நீரோட்டத்தின் விசையாலேயே நகரும் படகொன்றை ஓட்டினார். வண்டிக்கு 50 சென்ட்டும் குதிரையில் வருபவருக்கு 25 சென்ட்டும் வாங்கினார். வண்டி ஏதேனும் கடக்கும் நேரமாகப் பார்த்து வந்தால் நடந்து வருபவருக்குக் கட்டணம் இல்லை. கறாரான கணக்குதான், ஆனால் ஆற்றின் இரு கரைகளையும் ஒரே ஊராகப் பிணைத்தது அந்தப் படகு.

கேள்வி: அவர்கள் வருமுன் அந்த நிலம் வெறுமனே கிடந்ததா? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: இல்லை. ஷோஷோனி, பானக் முதலிய பூர்வகுடிகள் கோடைதோறும் வேட்டைக்கும் கிழங்கு அகழ்வதற்கும் வந்து சென்ற நிலம் அது. யாரும் குடியேறாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமையை 1868ஆம் ஆண்டின் பிரிட்ஜர் கோட்டை உடன்படிக்கை அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. எல்க் மான் வேட்டைக்கு வரும் வெளியூர்ச் செல்வந்தர்களுக்கு வழிகாட்டிப் பணம் ஈட்டிய குடியேறிகளுக்கு அது உறுத்தியது. 1895இல் அவர்கள் பானக் வேட்டைக் குழுவொன்றைச் சுற்றி வளைத்துக் கைது செய்தபோது முதியவர் ஒருவர் கொல்லப்பட்டார். வயோமிங் மாநிலமானதோடு அந்த உரிமை முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. அந்த வாதம் செல்லாது என்று அதே நீதிமன்றம், குரோ இனத்தவர் ஒருவரின் வழக்கில் சொல்வதற்கு 2019 ஆகிவிட்டது. ‘முதல் குடிகள்’ என்று இப்பகுதிக்குத் தலைப்பிட்ட நாங்களும் இதை நினைவில் கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேள்வி: அங்கே பெண்கள் மட்டுமே ஊராட்சி நடத்தினார்களாமே? – வாசகி, கும்பகோணம்.

பதில்: உண்மை. 1920இல் ஜாக்சன் ஊர்மன்றத்தின் ஐந்து இடங்களையும் பெண்களே வென்றனர். கிரேஸ் மில்லர் தலைவரானார். ரோஸ் கிராப்ட்ரீ தம் சொந்தக் கணவரையே தோற்கடித்து உறுப்பினரானார். (அன்றிரவு அந்த வீட்டில் யார் சமைத்தார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.) அவர்கள் காவல் பொறுப்பையும் பெர்ல் வில்லியம்ஸ் என்னும் இளம்பெண்ணிடமே ஒப்படைத்தனர். வரிப் பாக்கியை வசூலித்தார்கள், தெருக்களைச் செப்பனிட்டார்கள், கவனிப்பாரற்றுக் கிடந்த இடுகாட்டை ஒழுங்குபடுத்தினார்கள். 1869லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த வயோமிங்கில் இது நடந்ததில் வியப்பில்லை.

கேள்வி: நாட்காட்டிகளில் வரும் மலையடிவார மரத்தொழுவம் அந்த ஊரில்தான் இருக்கிறதா? – வாசகர், சேலம்.

பதில்: ஆம். மார்மோன் வரிசையில் தாமஸ் ஆல்மா மோல்ட்டன் கட்டியது அது. ஓர் ஆண்டில் முடிந்த வேலையன்று. கூரையும் பக்கக் கொட்டகைகளும் சேர்த்து முழுமையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1920களின் இறுதியிலிருந்து பெருஞ்செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவரின் நிறுவனம் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 35,000 ஏக்கரை வாங்கிச் சேர்த்தது. 1943இல் அரசு பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைத் தேசிய நினைவுச்சின்னப் பகுதியாக அறிவித்ததை எதிர்த்துப் பண்ணைக்காரர்கள் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்று காட்டினார்கள். எனினும் 1950இல் அதன் பெரும்பகுதி கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. மோல்ட்டனின் வீடு இப்போது இல்லை. தொழுவம் மட்டும் நிற்கிறது.