கைபேசி இல்லாமல் ஒரு வாரம் உங்களால் இருக்க முடியுமா?

இருந்திருக்கிறேன். நானாக விரதம் மாதிரி எடுத்துக்கொண்டதில்லை, 'தானே' என்று பேர் வைத்த புயல்தான் அப்படி இருக்க வைத்தது. அதனால் முடியுமா முடியாதா என்பதை விட்டுவிட்டு, அந்த நாட்களில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30, விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புயல் கரையைக் கடந்தது. நாங்கள் அப்போது கடலூர் முதுநகரில் வாடகைக்கு இருந்தோம். காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால் தெருவில் பாதிக் கம்பங்கள் படுத்துக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது பதினான்காம் நாள், கிராமங்களில் அதற்கும் மேலே ஆனது.

என் போன் முதல் நாள் சாயங்காலமே அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் பத்து ரூபாய்க்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள், ஒரே பலகையில் முப்பது போன், ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய துண்டுக் காகிதம். காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தால் சிக்னல் இல்லை. டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அதற்கப்புறம் டீசல் வேண்டும், டீசல் கொண்டுவரும் வண்டிக்கு வழி வேண்டும், வழியெல்லாம் மரம்.

அன்றைக்கு எங்கள் தெருவைக் காப்பாற்றியது எதிர்வீட்டு வாத்தியார் ஐயா வீட்டு லேண்ட்லைன். அந்தப் பழைய போனுக்கு வீட்டுக் கரண்டே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் வந்துவிடும். பூமிக்கடியில் போன கேபிள் என்பதால் புயலுக்கும் தப்பித்திருந்தது. ஐயா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆளுக்கு ரெண்டு நிமிஷம்பா, பின்னாடி ஆள் நிக்குது" என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார். காசு வாங்கவில்லை.

என் முறை வந்தது. ரிசீவரைக் கையில் எடுத்தபோதுதான் சென்னையில் இருக்கும் அக்காவின் நம்பர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. தினமும் பேசும் அக்கா. நம்பர் முழுக்க அந்த அணைந்த போனுக்குள் இருந்தது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த விழுப்புரம் பெரியப்பா வீட்டு நம்பர் மட்டும் நாக்கில் இருந்தது. அவரிடம் சொல்லி, அவர் அக்காவிடம் சொன்னார். அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பதிமூன்று வருஷம் கழித்து, 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். புயலைவிட அதற்குப் பின்னால் வந்த தென்பெண்ணை வெள்ளம்தான் எங்களை அடித்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், குண்டு உப்பலவாடியில் இருக்கும் சித்தி வீட்டுக்குள் தண்ணீர். இந்தத் தடவை ஓடிப்போக வாத்தியார் வீட்டு லேண்ட்லைனும் இல்லை. செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் ஃபைபர் போட்டாகிவிட்டது. அதில் வருவது வெளிச்சம், வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால்தான் பேசும். 2011இல் போனில் நம்பர்தான் இருந்தது, இப்போது பணமும் அதில்தான். பால் பாக்கெட் வாங்கக் கையில் இருபது ரூபாய் நோட்டு இல்லாமல் நான் கடைமுன்னே நின்றேன். கடைக்கார அண்ணாச்சி கணக்கு நோட்டை எடுத்து, "எழுதி வெச்சிக்கிறேன், அப்புறம் குடுங்க" என்றார். அவருக்கு என் முகம் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

எங்கள் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 10ஆம் எண் என்றால் பெரிய ஆபத்து என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே 11 ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது, நிலைமை மோசமாகலாம் என்று துறைமுகத்து அதிகாரியே நினைத்தால் ஏற்றுவது அது. சேதி வராத நாளையும் யோசித்து ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படி எதையுமே வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே கருவியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோமே என்பதுதான் என் கவலை.

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வெள்ளத்தில் சித்தி மொட்டை மாடியிலிருந்து அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவு எப்படியோ வந்து சேர்ந்ததால்தான் படகோடு ஆளை அனுப்ப முடிந்தது. ஆனால் இப்போது எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை நோட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரி வானொலி எடுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி, அதன் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறேன், உள்ளேயே விட்டால் கசிந்து கெட்டுவிடும். பன்னிரண்டு நம்பர்களைக் கொட்டை எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது படிக்கும் மகளுக்கு ராத்திரி தூங்கப்போகும் முன் இரண்டு நம்பர் கேட்பேன். என்னுடையதைச் சொல்லிவிடுகிறாள், பெரியம்மாவுடையதில் கடைசி நான்கு இலக்கம் இன்னும் தடுமாறுகிறது.