பாம்பன் கள ஆய்வு: கூடவே கடைக்குப் போங்கள்

பாம்பனில் எதைப் பார்த்துப் பொருள் வாங்குகிறீர்கள் என்று எந்த வீட்டில் கேட்டாலும் “விலை பார்த்துத்தான் வாங்குறோம்” என்ற ஒரே பதில்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேள்வித்தாளை வைத்துவிட்டு அவர்களோடு கடைக்குப் போங்கள். 1990களில் வடக்கு லண்டனில் ஒரு தெருவை ஆராய்ந்த மானிடவியலாளர் டேனியல் மில்லர் அப்படித்தான் செய்தார். சிக்கனமும் வீட்டார் மேல் உள்ள அன்பும் ஒன்றாகவே பைக்குள் விழுவதைக் கண்டார். நம் பக்கமும் அதேதான்: தனக்குச் சூடை மீன் போதும் என்பவர், மகள் வரும் நாளில் நண்டுக்குப் பேரம் பேசுவார். திரும்பி வரும் வழியில், “இது யாருக்கு?” என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் கட்டாயம் போங்கள். விசைப்படகை நம்பிய வீடுகளில் எது குறைகிறது, எதைக் கடன் சொல்லியாவது வாங்குகிறார்கள் என்று அப்போது தெரியும். மளிகைக்கடைப் பற்று நோட்டை மட்டும் அந்த வீட்டாரிடம் கேட்காமல் பார்க்காதீர்கள்.