ஒட்டுக் கட்டிய ஜோடி

அன்புள்ள சார்,

மார்வெல் காமிக்ஸின் பவர்மேன் - அயர்ன் ஃபிஸ்ட் ஜோடிக்கு நான் எண்பதுகளிலிருந்து ரசிகன். 2016இல் டேவிட் வாக்கர் எழுத, சான்ஃபோர்ட் கிரீன் வரைய, மார்வெல் மறுபடி தொடங்கிய தொடரை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். மனம் ஒப்பவில்லை. ஓவியம் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது. சிறைச் சுவரை உடைத்துக்கொண்டு வந்த பவர்மேன் லூக் கேஜ், இதில் கைக்குழந்தைக்குப் பயந்து கெட்ட வார்த்தையை விழுங்குகிறான். முதல் கதையே ஒரு பழைய நெக்லஸைத் தேடிப் போவதுதான். அயர்ன் ஃபிஸ்டான டேனி ராண்ட் விளையாட்டுப் பிள்ளையாகிவிட்டான். அசலில் இருந்த கம்பீரம் எங்கே போனது? என்னைப் போன்றவர்கள் இதைப் படிக்கத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓவியத்தைப் பற்றிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கிரீன் வரையும் லூக் கட்டத்துக்குள் அடங்காமல் நிற்கிறான், எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கவில்லை, சரி. நெக்லஸையும் விட்டுவிடலாம். இவர்களுடைய பழைய ஆபீஸைப் பார்த்துக்கொண்ட ஜென்னி ராய்ஸ் சிறையிலிருந்து வெளியே வந்ததும், டூம்ஸ்டோன் என்ற தாதாவிடம் இருக்கும் தன் பாட்டியின் நகையை மீட்டுத் தரச் சொல்கிறாள். கூலிக்கு வேலை பார்த்தவர்களிடம் பிறகு என்ன கேட்பாள், கிரகத்தைக் காப்பாற்றவா?

ஆனால் ‘அசல்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எது சார் அசல்? கறுப்பின நாயகர்களின் சினிமாவுக்கு மவுசு இருந்த 1972இல் லூக் கேஜ் வந்தான். குங்ஃபூ மோகம் பிடித்து ஆட்டிய 1974இல் டேனி வந்தான். மோகம் தணிந்ததும் இரண்டு பேருக்கும் சிக்கல். டேனியின் அயர்ன் ஃபிஸ்ட் தொடர் 1977இல் பதினைந்தாம் இதழோடு நின்றது. லூக்கின் பவர்மேன் தொடர் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதன் 48ஆம் இதழில் எழுத்தாளர் கிரிஸ் கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் இருவரையும் சந்திக்க வைத்தார்கள். ஐம்பதாம் இதழில் அட்டையிலேயே இரண்டு பெயர்களும் வந்துவிட்டன. நீங்கள் உயிரைவிடும் நட்பு, விற்பனைக் கணக்கைப் பார்த்து எவரோ போட்ட முடிச்சு. ஒட்டு மாங்கன்றை நட்டுப் பழம் தின்றுவிட்டு, இது கொட்டை போட்டு முளைத்த மரமாக்கும் என்று பெருமை பேசுகிறீர்கள்.

கம்பீரமாம்! மேரி ஜோ டஃபி எழுதிய இதழ்களை எடுத்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் கிண்டல். இந்த ஜோடிக்கு ஒரு குரல் கிடைத்ததே அந்தக் கிண்டலில்தான். நீங்கள் சின்ன வயதில் அதையெல்லாம் முகத்தை இறுக்கிக்கொண்டு படித்திருக்கிறீர்கள். அதற்கு வாக்கர் என்ன செய்வார்? லூக்கைக் குடும்பஸ்தனாக்கிவிட்டார்கள் என்ற புலம்பலும் அப்படித்தான். 1973இல் டாக்டர் டூம் என்ற பெரிய வில்லன் கூலி தராமல் போனதற்காக, கடன் வாங்கிய விமானத்தில் அவன் ஆளும் லாட்வேரியா வரை போய் 200 டாலரை வசூல் செய்தவன் லூக். அன்றைக்கே மளிகைக் கணக்கு பார்க்கிற ஆள்தான். இன்று மனைவி ஜெசிகா ஜோன்ஸ், ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்கு டேனியெல் என்று பெயர் வைத்ததே டேனியை நினைத்துத்தான். நாற்பது வருஷ நட்பை இதைவிட எப்படிக் காட்டுவது?

எனக்கு அந்தப் பழைய தொடர் அறிமுகமானதே தலைகீழாக. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில் அட்டை போன ஒரு காமிக்ஸ் கிடைத்தது. அது 125ஆம் இதழ், 1986இல் வந்த கடைசி இதழ் என்பதெல்லாம் அப்போது தெரியாது. அயர்ந்து தூங்கும் டேனியை, அவன் காப்பாற்றப் பாடுபட்ட நோயாளிச் சிறுவனே கேப்டன் ஹீரோ என்ற சூப்பர்ஹீரோ உருவத்தில் வந்து அடித்துக் கொன்றுவிடுகிறான். பழி லூக் மேல் விழுகிறது. அவன் ஓடுகிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது. எழுதியவர் பின்னாளில் கிறிஸ்டோஃபர் பிரீஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஜிம் ஓஸ்லி, வரைந்தவர் எம்.டி. பிரைட். வீரமரணம் இல்லை, கடைசி வசனம் இல்லை. இப்படியும் ஒருவனைச் சாகடிப்பார்களா என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால்தான் கைக்கு வந்தன. அவற்றில் டேனி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். நான் மட்டும், இவன் சாகப்போகிறவன் என்று தெரிந்தே ஒவ்வொரு ஜோக்கையும் படித்தேன். அதனால்தானோ என்னவோ, 2016இல் அவன் விளையாட்டுப் பிள்ளையாகத் துள்ளும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறது, எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தச் சாவையாவது மார்வெல் விட்டுவைத்ததா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நேமார் என்ற கடல்ராஜாவின் தொடரில் டேனியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செத்தது டேனியே இல்லையாம், அவனைப் போலவே வளர்ந்த ஒரு செடியாம்! இதைச் செய்தவரும் வேறு யாரோ இல்லை, ஜோடியை முதலில் வரைந்த அதே ஜான் பைர்ன். செடியை ஜீரணித்தவர் நீங்கள், ஒரு நெக்லஸ் தொண்டையில் சிக்குகிறது என்கிறீர்கள்.

வாக்கர் செய்திருக்கும் ஒரு காரியத்தை நீங்கள் கவனிக்கவே இல்லை. அன்று இவர்களைச் சேர்த்து வைத்தது பதிப்பகத்தின் கஷ்டம். கதைக்குள்ளும் கம்பெனி, கூலி, ஆபீஸ் வாடகை என்று ஏதோ ஒன்று பிடித்து வைத்திருந்தது. இப்போது அப்படி எதுவும் கிடையாது. லூக் பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘நாங்கள் மறுபடி சேரவில்லை’ என்று சொல்லிக்கொண்டே திரிகிறான். ஆனால் டேனி கூப்பிட்டால் போகிறான். திட்டிக்கொண்டே போகிறான், திட்டுவதற்கும் கெட்ட வார்த்தை இல்லாமல். உங்கள் பழைய பெட்டியில் இருக்கும் இதழ்களில் இதை எனக்குக் காட்டுங்கள், தொடரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மொத்தம் பதினைந்தே இதழ், முழுசும் படித்துவிட்டு வந்து கேட்கிறீர்கள்! கோபம் தீரவில்லை என்றால் 6 முதல் 9 வரையிலான இதழ்கள் மேல் காட்டுங்கள். மார்வெல் நாயகர்களெல்லாம் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் சிவில் வார் 2 என்ற பெருங்கூத்துக்காக, நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையை நடுவில் நிறுத்தினார்கள். அதற்கு நானும் உங்களோடு சேர்ந்து திட்டத் தயார்.