கேம்பிங் போக 300 டாலர் ஐஸ் பெட்டி தேவையா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கோடையில் மூன்று நான்கு முறை குழந்தைகளோடு கேம்பிங் போவோம், பெரும்பாலும் இரண்டு இரவுகள். 300 டாலருக்கு மேல் விலை சொல்லும் யெட்டி வகை ஐஸ் பெட்டி வாங்கலாமா, 60 டாலர் பெட்டியே போதுமா?

உங்கள் கணக்குக்கு 60 டாலர் பெட்டியே போதும். இப்படிச் சொல்கிற எங்கள் வீட்டுக் கராஜில் அந்த 300 டாலர் சாமான் நான்கு வருடமாகப் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது மோசமான பெட்டி அல்ல. அதை வாங்கிய காரணம்தான் தவறு.

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். ஒரு ஜூலை மாதம் கார்னர் மாநிலப் பூங்காவில் ஃபிரியோ ஆற்றங்கரையில் கூடாரம் அடித்திருந்தோம். ஃபிரியோ என்றால் ஸ்பானிய மொழியில் குளிர். ஆற்றில் அது இருந்தது, எங்கள் பெட்டியில் இல்லை. இரண்டாம் நாள் காலையில் தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், மாவு டப்பா பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. உருகிய ஐஸ் தண்ணீர் உள்ளே புகுந்து மாவு நீராகாரம்போல் ஆகியிருந்தது. அதன் மேல் மசாலா தடவிய கோழிப் பை ஒன்று சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. கோழி குப்பைத் தொட்டிக்குப் போனது. அன்று மூன்று வேளையும் ரொட்டியும் கடலை வெண்ணெயும்தான்.

குற்றம் பெட்டியுடையது என்று என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே புதுப் பெட்டி வாசலில் வந்து இறங்கியது. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகைப் பெட்டிகள் எல்லாமே ஏறக்குறைய அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன.

வந்த வாரமே கராஜில் ஒரு பரீட்சை வைத்தோம். பழைய பெட்டியில் 20 பவுண்ட் ஐஸ், புதியதில் 20 பவுண்ட் ஐஸ். வேறு எதுவும் வைக்கவில்லை, பார்ப்பதற்காக ஒரு நாளைக்கு இருமுறை திறந்ததோடு சரி. ஹூஸ்டன் ஆகஸ்டில் கராஜ் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் நாள் இரவு பழைய பெட்டியில் வெறும் தண்ணீர். புதியதில் நான்காம் நாள் காலையிலும் ஒரு கைப்பிடி ஐஸ் மிச்சமிருந்தது. கணவருக்கு வெற்றிச் சிரிப்பு. நான் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய ஒன்றரை நாள் அதிகம். அதற்காகக் கூடுதலாகக் கொடுத்தது 250 டாலருக்கு மேல். எங்கள் பக்கத்தில் 20 பவுண்ட் ஐஸ் மூட்டை 5 டாலர். அந்தப் பணத்துக்கு 50 மூட்டை வாங்கியிருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா வீடியோவில் பேசினார். மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது வருடம் ஐஸ் வைத்து மீன் அனுப்பியவர். கணவர் பெட்டியைத் திறந்து மூடிக் காட்டிப் பெருமையாக விலையைச் சொன்னார். பெரியப்பா விலையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “அது இருக்கட்டும் மாப்பிள்ளை, ஆற்றங்கரைக்குப் போனபோது ஐஸ் எத்தனை கிலோ, சரக்கு எத்தனை கிலோ?” என்றார். ஐஸ் நான்கரைக் கிலோ. சரக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதிலும் பாதிக்கு மேல் கடையிலிருந்து சூடாக வந்த சோடா டின்கள். “மீனுக்கே சரிக்குச் சரி ஐஸ் போடுவோம். நீங்கள் சோடாவைக் குளிரவைத்துவிட்டுக் கோழியைக் கெடுத்திருக்கிறீர்கள்” என்றார்.

அவர் சொன்னதை எண்ணில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். 355 மில்லி டின்கள் 24ஐ 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் ஏறக்குறைய இரண்டேமுக்கால் கிலோ ஐஸ் கரைந்துவிடும். நாங்கள் வைத்திருந்ததில் பாதிக்கு மேல் பெட்டியை மூடிய சில மணி நேரத்திலேயே சோடாவுக்குப் பலி. எந்தப் பெட்டியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. டின்களை முந்தின நாளே வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அந்த ஐஸ் முழுவதும் கோழிக்கு மிஞ்சியிருக்கும், செலவு சுழியம்.

இனி விலையுயர்ந்த பெட்டியில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம், ஏமாற்று வேலை என்று சொல்லிவிடக் கூடாது. டெக்சாஸில் ஆஸ்டின் பக்கத்தைச் சேர்ந்த சைடர்ஸ் சகோதரர்கள் 2006இல் தொடங்கியதுதான் யெட்டி. மீன்பிடிப் படகில் ஏறி நின்றாலும் மூடி உள்ளே அமுங்காத பெட்டி வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். கேம்பிங் கூட்டம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இந்தப் பெட்டிகளைச் சுழல் வார்ப்பு முறையில் செய்கிறார்கள். பிளாஸ்டிக் தூளை உலோக அச்சுக்குள் கொட்டி, அச்சைச் சூடாக்கி இரண்டு திசையிலும் சுழற்றினால், உருகிய பிளாஸ்டிக் உட்சுவர் முழுக்கப் படிந்து ஒட்டுப்போடாத ஒரே ஓடாக வரும். நம் ஊர் மொட்டை மாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இதே முறையில் பிறந்ததுதான். அந்தத் தொட்டி வெயிலிலும் மழையிலும் எத்தனை வருடம் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். பெட்டியில் கூடுதலாக, இரண்டு சுவர்களுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரையை இரண்டு மூன்று அங்குலத்துக்கு நிரப்புகிறார்கள். மூடியைச் சுற்றி ஃபிரிட்ஜ் கதவில் இருப்பதுபோல் ரப்பர் பட்டை.

விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் தோற்பது மூடியில். சுவரில் நுரை இருக்கும், மூடிக்குள் ஒன்றுமே இருக்காது. எங்கள் பழைய பெட்டியின் மூடியைத் தட்டினால் காலி டப்பா சத்தம்தான் வந்தது. தெரிந்த பிறகு, அட்டைப் பெட்டியில் வந்த தெர்மோகோல் பலகை ஒன்றை அளவாக வெட்டிப் பையில் சுற்றிச் சரக்கின் மேல் படுக்கவைத்தேன், மூடியின் மேல் ஈரத்துண்டு போட்டேன், மேசைக்கடியில் நிழலில் வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு இரவுப் பயணம் எதிலும் அந்தப் பெட்டி காலை வாரியதில்லை. கடையில் பெட்டி பார்க்கப் போனால் மூடியைத் தட்டிப் பாருங்கள். பிறகு ஒரு டாலர் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த வழியாகவே குளிரும் போகும்.

நுரைக்கு முந்தின காலத்தில் இந்த வேலையை மரத்தூள் செய்தது. 1833இல் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் ஏரி ஐஸை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவில் சுமார் 100 டன்னை இறக்கியது. அந்த ஐஸை அனுப்பிய பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடரின் வியாபாரத்துக்காக 1842இல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்லும் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஐஸ் அத்தனை தூரம் போய்ச் சேர்ந்ததற்கு முதல் காரணம் அதன் குவியல். பெரிய பாளமாக, நெருக்கமாக அடுக்கிய ஐஸுக்கு வெளிப்பரப்பு குறைவு, அதனால் மெதுவாக உருகும். ஆகவே கடை மூட்டையின் சில்லுகளை மட்டும் நம்பாதீர்கள். பால் வாங்கிய காலன் கேன்களைக் கழுவி, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, ஃபிரீசரில் இரண்டு நாள் கெட்டியாக உறையவிட்டு அடியில் வையுங்கள். அது முழுதாக உருக நேரமாகும், தண்ணீர் வெளியே கசியாது. சில்லு ஐஸை இடுக்குகளில் கொட்டுங்கள். உருகிய தண்ணீரை அவசரப்பட்டு வடிக்கவும் வேண்டாம், ஐஸ் மிதக்கும்வரை அதுவும் கிட்டத்தட்ட சுழியம் டிகிரிதான். ஆனால் மாவு டப்பா மட்டும் இறுக மூடியதாக, பாதி காலியாக இருக்கட்டும். இந்தப் பாடத்துக்கு நான் கட்டணம் கட்டியாகிவிட்டது.

குழந்தைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குத் தேவை உயர்ந்த பெட்டி அல்ல, இரண்டாவது பெட்டி. ஜூஸுக்கும் சோடாவுக்கும் ஒன்று, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கட்டும். கறி, பால், தயிர், மாவு இன்னொன்றில், அதன் மேல் உங்கள் பயணப்பையை வைத்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் திறவுங்கள். கூடவே பத்து டாலருக்கு ஒரு சின்ன வெப்பமானி வாங்கி உள்ளே போடுங்கள். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் எல்லை 40 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டிக் கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஐஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட முள்ளைப் பார்ப்பது நம்பகமானது.

கரடிக்காக வாங்குவதாகச் சிலர் சொல்வார்கள். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குக் கரடி தாங்கும் என்ற சான்று உண்மையாகவே உண்டு. மொன்டானாவில் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள கிரிஸ்லி மையத்தில் உள்ளே தின்பண்டம் வைத்து நிஜக் கரடிகளிடமே ஒப்படைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு மணி நேரம் கரடி கடித்து உருட்டிய பிறகும் திறக்காமல் இருந்தால் தேர்ச்சி. ஆனால் இரண்டு பூட்டுகள் போட்டிருந்தால்தான் அந்தச் சான்று செல்லும், பூட்டைத் தனியாக நாம்தான் வாங்க வேண்டும். யோசெமிட்டி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் முகாம் தோறும் இரும்புப் பெட்டகம் வைத்திருக்கிறார்கள், எந்த ஐஸ் பெட்டியானாலும் அதற்குள் வைக்க வேண்டும் என்பது விதி. அங்கே பெரிய பெட்டி வாங்கிப் போனால் அது பெட்டகத்துக்குள் நுழையுமா என்பதுதான் முதல் கவலை.

அப்படியானால் யாருக்குத்தான் இது? எங்களுக்கு ஒருமுறை தேவைப்பட்டது. பிக் பெண்ட் தேசியப் பூங்காவில், மண்சாலை ஓரத்து முகாமில் ஐந்து இரவுகள், மார்ச் மாதம், மூன்று குடும்பங்கள். பூங்காவின் தலைமையிடத்திலிருந்து வடக்கே மாரத்தான் என்ற சிற்றூருக்கே சுமார் 110 கிலோமீட்டர். நாங்கள் இருந்த இடத்திலிருந்து ஐஸ் வாங்கப் போய் வந்தால் பாதி நாள் போய்விடும். முந்தின இரவே பெட்டிக்குள் ஒரு மூட்டை ஐஸ் போட்டுச் சுவரைக் குளிரவைத்தோம், காலையில் அதை சிங்க்கில் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினோம். பாதிக்கு மேல் ஐஸ்தான். பெரியப்பா சொன்னபடி எடை பார்த்து அடுக்கினேன். ஐந்தாம் நாள் மதியம் தயிர்சாதம் பிசைந்தபோது தயிர்ப் பாத்திரத்தின் வெளியே வியர்த்திருந்தது. அந்தப் பயணத்தில் அந்தப் பெட்டி தன் விலையில் ஒரு பங்கைச் சம்பாதித்துவிட்டது, மறுக்க மாட்டேன். நான்கு வருடத்தில் அப்படிப்பட்ட பயணம் இரண்டே இரண்டு.

ஆகவே மூன்று இரவுக்கு மேல், கடை எட்டாத இடத்துக்கு, வருடத்தில் பலமுறை போகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். படகிலோ திறந்த டிரக்கிலோ பெட்டி அடிபடுகிற தொழில் என்றாலும் சரி. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் காரில் செருகும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜைப் பார்ப்பது மேல். விலை இப்போது இதே அளவில் கிடைக்கிறது, ஐஸே வேண்டாம். ஆனால் கார் பேட்டரி இறங்கிவிடாமல் தனி பேட்டரி ஒன்று வேண்டும், செலவு அங்கே கூடும்.

இன்னொன்று, பெட்டியின் பெயரில் இருக்கும் எண் கொள்ளளவு என்று நினைத்துவிடாதீர்கள். யெட்டி டன்ட்ரா 45 என்றால் 45 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) அல்ல, அதைவிடக் குறைவு. தடிமனான சுவர் உள்ளிடத்தைத் தின்றுவிடும். வெளியே பார்க்க யானை, உள்ளே ஒரு பானை. எடையும் அப்படித்தான், அந்த அளவுப் பெட்டி காலியாகவே பத்துக் கிலோ. ஐஸும் சரக்கும் சேர்ந்தால் முப்பதைத் தாண்டும். காரிலிருந்து மேசைக்கு அதைத் தூக்க எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு.

முடிந்தால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு வாரக் கடைசிக்கு இரவல் கேளுங்கள். வாங்கியவர்கள் கொடுக்கத் தயாராகவே இருப்பார்கள், கராஜில் இடம் காலியாகும். எங்களுடையது இப்போது பக்கத்து வீட்டுக்காரரோடு கால்வெஸ்டனுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறது. திரும்பக் கொடுக்கும்போது கழுவி, வடிகால் திருகைக் கழற்றி, மூடியைத் திறந்தே வைத்துக் காயவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன முறை மறந்துவிட்டார், இரண்டு வாரம் கராஜ் முழுக்கத் தூத்துக்குடித் துறைமுக வாசம்.