விபத்தில் அடிபட்டவரைக் கவனிப்பது எப்படி? அவசர சிகிச்சை மருத்துவர் பதில்கள்

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, டாக்டர்? உதவினால் போலீஸ் கேஸ் வருமா? (ஆட்டோ ஓட்டுநர், மேலூர்)

தண்ணீர் வேண்டாம் அண்ணே. அரை மயக்கத்தில் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம், அதனால் தூக்கி உட்கார வைக்கவும் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, ரத்தம் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் துண்டை மடித்துக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கேஸ் பயமே வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவரைக் காக்கிறது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

பிரஷர் 110/80, நாடி 124. 'ஸ்டேபிள்' என்று எழுதலாமா சார்? (ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் பயிற்சியில் இருப்பவர்)

எழுதாதீங்க தம்பி. இதில்தான் பல உயிர்கள் போகின்றன. இளவயது உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் வரை போன பிறகுதான் மேல் அளவு விழலாம். 70 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். நீங்கள் சொன்ன அளவிலேயே மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 30-ஆகக் குறுகிவிட்டது, நாடியும் வேகமாக ஓடுகிறது. கை சில்லென்று வியர்த்திருக்கிறதா, மூச்சு வேகமா, பதறுகிறாரா என்று பாருங்கள். 'குடித்துவிட்டுக் கத்துகிறார்' என்று ஒதுக்கிவிடாதீர்கள், ரத்தம் குறைந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். வெளியே ரத்தம் தெரியாவிட்டால் நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை என்று தேடுங்கள். ஒரு தொடையெலும்பு முறிவிலேயே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தேங்கலாம். இடுப்பை அசைத்துச் சோதிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தாலே பெல்விக் பைண்டர் (இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) கட்டுங்கள். வயிற்றருகே இல்லை, தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் துருத்தும் மட்டத்தில்.

சலைன் எத்தனை பாட்டில் ஏற்றலாம்? டிரானெக்சாமிக் ஆசிட் (ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து) எப்போது? (தாலுகா மருத்துவமனை செவிலியர்)

பாட்டில் பாட்டிலாக வேண்டாம் சிஸ்டர். சலைன் ரத்தத்தை நீர்க்க வைக்கும், உடம்பையும் குளிர வைக்கும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. நனைந்த துணியை மாற்றிக் கம்பளி போர்த்துங்கள். ரத்தம் ஏற்றும் வசதி உள்ள இடத்துக்குப் போகும் வரை மேல் பிரஷர் 80-90 இருந்தால் போதும். தலையில் அடி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 110-க்குக் கீழே விடவே கூடாது, ஆக்சிஜனும் குறையக் கூடாது. டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதற்கப்புறம் கெடுதலாகலாம். 20,000 பேருக்கு மேல் பங்கேற்ற கிராஷ்-2 ஆய்வில் தெரிந்தது இது. கொடுத்த நேரத்தை ரெஃபரல் சீட்டில் மறக்காமல் எழுதுங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

நன்றாக மூச்சு விட்டால் விட்டுவிடுங்கள், கண்ணாடியை மட்டும் தூக்குங்கள். மூச்சு திணறினாலோ வாந்தி வந்தாலோ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் மெல்லக் கழற்ற வேண்டும்.

கையில் பணம் இல்லாதபோது தனியார் மருத்துவமனையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும், உச்சவரம்புக்கு உட்பட்டு. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. சேர்க்கும்போதே 'விபத்து' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.